ஊழல் போலீஸ் கதை: 'ட்ரெயினிங் டே'யா, 'ராம்பார்ட்'டா?

சாலிகிராமத்து டீக்கடைகளில் உதவி இயக்குநர்களிடம் பேச்சுக் கொடுத்தால், யாராவது ஒருவரிடம் ஒரு போலீஸ் கதை இருக்கும். கெட்ட போலீஸையே மையமாக வைத்து எழுத நினைப்பவர்களுக்கு எல்லோரும் கைகாட்டும் படம் 'ட்ரெயினிங் டே' (2001). நான் 'ராம்பார்ட்'டை (2011) சொல்வேன். இரண்டின் முடிவையும் பேசியாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

இரண்டுமே லாஸ் ஏஞ்சல்ஸ் கதைகள். இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் காட்சி உண்டு. 'ட்ரெயினிங் டே'யில் டென்சல் வாஷிங்டன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, புதிதாக வந்த ஈத்தன் ஹாக்கிடம் "ஒரு கதை சொல்" என்கிறார். மிரட்டலிலும் ஒரு கவர்ச்சி. 'ராம்பார்ட்'டில் வுடி ஹாரல்சன், பயிற்சிக்கு வந்த பெண் போலீஸ் தட்டில் மிச்சம் வைத்த உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். லஞ்சமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் அந்த ஆளின் அதிகார வெறி முழுக்கத் தெரிந்துவிடுகிறது. எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

'ட்ரெயினிங் டே' ஒரே நாளில் நடக்கும் கதை. விறுவிறுப்பில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. டென்சலுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் நாம் பிடித்துக்கொள்ள ஒரு நல்லவன் கூடவே வருகிறான். கடைசியில் கெட்டவன் குண்டடிபட்டுச் சாகிறான். கணக்கு நேராகிவிடுகிறது, நாமும் நிம்மதியாக எழுந்து போகிறோம்.

'ராம்பார்ட்' அந்த நிம்மதியைத் தராது. 1999, காவல்துறை ஊழல் அம்பலமாகி நகரமே கொதிக்கும் நேரம். தன் காரில் மோதியவனை டேவ் பிரவுன் (ஹாரல்சன் நடித்த போலீஸ்) அடித்து நொறுக்குவது வீடியோவில் சிக்குகிறது. விசாரணையில் சட்டம் பேசியே சமாளிக்கிறான். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு செல்லாது. அவனுடைய முன்னாள் மனைவிகள் இருவரும் அக்கா தங்கை. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள், ஆளுக்கொரு மகள். மூத்த மகள் அப்பாவைப் பார்க்கும் பார்வை போதும், தனியாக ஒரு கோர்ட் காட்சி தேவையில்லை. படம் எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் முடிகிறது. நடுவில் கொஞ்சம் தொய்வு உண்டு, கேமராவும் சில இடங்களில் தேவையில்லாமல் அலைகிறது. அந்த மகளுக்காக அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலிருந்து இந்த வரிசையில் வைக்க 'விசாரணை' இருக்கிறது. ஆனால் அது அடிவாங்குகிறவர்களின் படம். சமுத்திரக்கனி நடித்த முத்துவேல், மனசாட்சிக்கும் மேலிடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிற மனிதர். தேசிய விருது வாங்கிய நடிப்பு. இருந்தாலும் அவருடைய வீட்டுக் கதவுக்குப் பின்னால் படம் நம்மை அதிகம் அழைத்துப் போவதில்லை. அதன் தேவை வேறு.

அதனால், திரைக்கதையின் வேகம் பழக வேண்டுமென்றால் 'ட்ரெயினிங் டே'. டூட்டி முடிந்து போலீஸ் குடியிருப்புக்குத் திரும்பும் ஒரு சென்னை இன்ஸ்பெக்டரிடம், "இந்தப் பணம் எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்று அவர் மகள் கேட்கும் காட்சியை எழுத உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் 'ராம்பார்ட்'டை இரண்டு முறை பாருங்கள்.