5 சுற்று, 74 நாள், எல்லாக் கடிதமும் அப்பாவின் பெயருக்கு

பெப்ரவரி 3ஆம் திகதி இரவு, வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வேலை விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன். இரண்டாவது பெட்டியிலேயே இடறியது. குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரில் முதலெழுத்தை எடுத்து முன்னால் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. ஒற்றை எழுத்தைப் போட்டேன், போதாது என்றது. கடைசியில் அப்பாவின் முழுப் பெயரையும் எழுதிவிட்டு நகர்ந்தேன். அன்றிலிருந்து 74 நாட்கள் அந்த நிறுவனம் எனக்கு அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலும் 'அன்புள்ள' என்று தொடங்கி என் அப்பாவை அழைத்தது.

2025ஆம் ஆண்டில் கொழும்பில் இயங்கும் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை கேட்டுப் போன அனுபவத்தை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் மதிக்கும் மூன்று பேர் அங்கே வேலை செய்கிறார்கள். நான் மென்பொருள் சோதிப்பாளர். நுகேகொடையில் முப்பது பேர் உள்ள சிறிய நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை செய்திருக்கிறேன். குறை கண்டுபிடித்து எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே இந்த மதிப்பீட்டில் கொஞ்சம் தொழில் புத்தி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மாறப் பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை, சம்பளம்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நாட்களில் சில பெரிய நிறுவனங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியை டொலரோடு இணைத்தன. எங்கள் முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவரால் அது முடியவில்லை. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். மற்றப் பாதி பெரிய இடங்களுக்குப் போனது. நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.

முதற் சுற்று இணையவழிப் பரீட்சை. 90 நிமிடம், 30 பல்தேர்வு வினா, இரண்டு நிரல், ஒரு தரவுத்தள வினா. பெப்ரவரி 9, ஞாயிறு காலை 11 மணிக்கு உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் போயிருக்கும், மின்விசிறி நின்றது. முதலில் எங்கள் ஒழுங்கைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். முழு நாடும் இருண்டுவிட்டது என்று வீட்டுக்கார அன்ரி வந்து சொன்னார். பாணந்துறைத் துணை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று பிறகு அமைச்சரே சொன்னார். மடிக்கணினியில் மின்கலம் இருந்தது, இணையம் இல்லை. கைபேசியிலிருந்து இணைப்பெடுக்க முயன்றபோது பரீட்சைத் திரையை விட்டு மூன்று தடவை வெளியேறியதாகப் பதிவாகி, 'சந்தேகத்துக்கிடமான நடத்தை' என்ற மஞ்சள் எச்சரிக்கையோடு எல்லாம் மூடிக்கொண்டது.

நடந்ததை விளக்கி மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரும் என்று நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் நான்கு மணித்தியாலத்துக்குள் வந்தது: 'எங்கள் வீட்டிலும் மின்சாரம் இல்லை. குரங்குக்காக உங்களைத் தண்டிக்க மாட்டோம். சனிக்கிழமைக்குப் புதிய இணைப்பு இதோ.' எழுதியவர் ஒரு மனிதர் என்பது ஒவ்வொரு சொல்லிலும் தெரிந்தது. விளித்தது மட்டும் அப்பாவை. பரீட்சையைப் பற்றி ஒரே ஒரு குறை சொல்வேன். தொடர்பட்டியலைத் தலைகீழாக்கும் நிரல் எழுதச் சொன்னார்கள். நான்கு வருடத்தில் ஒரு நாளும் எனக்கு அது தேவைப்பட்டதில்லை. சோதிப்பாளருக்கும் நிரலாளருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுப்பது சோம்பல். தரவுத்தள வினா பழைய நண்பன்: இரண்டாவது அதிகபட்சச் சம்பளம் யாருக்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதை நித்திரையிலும் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். ஒரே சம்பளம் இரண்டு பேருக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள்; வெட்டு விழுவது அங்கேதான்.

இரண்டாவது சுற்று பத்து நிமிடத் தொலைபேசி உரையாடல். இப்போதைய சம்பளம் என்ன, எதிர்பார்ப்பது என்ன, எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்குச் 'சந்தை நிலவரத்துக்கு ஏற்ப' என்றார் அந்தப் பிள்ளை. வெள்ளவத்தைச் சந்தையில்கூட மரக்கறிக்கு விலை எழுதி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது சுற்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மார்ச் 6. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறி இறங்கி, கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் வரவேற்பறையில் அடையாள அட்டையைக் கொடுத்து, விருந்தினர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலே போனேன். குளிர் எலும்புக்குள் ஏறியது. இதற்குப் போகிறவர்கள் நீளக்கை சட்டை போட்டுக்கொண்டு போங்கள். அறையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு சிங்களப் பெண்மணி; அவர்தான் சோதனைப் பிரிவின் தலைவி என்று தெரிந்தது. வழக்கமான கேள்விகள் இரண்டு போனபின் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: இலங்கையில் நிரப்பும் ஏதாவது ஒரு படிவத்தில் ஒரு பெட்டியைத் தெரிவு செய்து, அதை உடைத்துக் காட்ட முடியுமா?

உங்கள் விண்ணப்பப் படிவத்தையே எடுத்துக்கொள்ளலாமா என்றேன். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் வெண்பலகையைக் காட்டினார்.

அடையாள அட்டை இலக்கப் பெட்டியில் தொடங்கினேன். 2016இலிருந்து வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கம். அதற்கு முன் எடுத்தவர்களுக்கு 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். நான் 1995இல் பிறந்தவள், என்னிடம் இருப்பது பழைய அட்டை, அது இன்றும் செல்லும். இவர்களுடைய பெட்டி 12 இலக்கத்தை மட்டும் ஏற்கிறது. முன்னால் 19ஐச் சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைச் செருகி, எழுத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன் என்று சொன்னேன். பிறகு நடுவிலுள்ள மூன்று இலக்கத்துக்கு வந்தேன். அது பிறந்த நாள், வருடத்தில் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண்களுக்கு அதோடு 500 கூட்ட வேண்டும். ஆண்களுக்கு 1 முதல் 366, பெண்களுக்கு 501 முதல் 866. சோதித்துப் பார்க்க வேண்டிய எல்லைகளை எழுதினேன்: 0, 1, 366, 367, 500, 501, 866, 867. உங்கள் படிவம் 400ஐ ஏற்றுக்கொண்டது, அப்படி ஒருவர் இந்த நாட்டில் பிறக்கவே முடியாது என்றேன்.

அதற்குள் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் ஏறிவிட்டது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு வருடத்துக்கும் 366 நாள்தான். நெட்டாண்டோ இல்லையோ பெப்ரவரிக்கு 29 என்றே எண்ணுகிறார்கள், மார்ச் 1 எப்போதும் 61. 60 என்பது பெப்ரவரி 29, 1995இல் அந்த நாளே இல்லை. அப்படியானால் அந்த வருடத்தில் 60ஐக் கொண்ட ஆணும் இருக்க முடியாது, 560ஐக் கொண்ட பெண்ணும் இருக்க முடியாது. இதைச் சொன்னபோது வலது பக்கத்தில் இருந்த இளைஞர் கைபேசியை எடுத்து எதையோ சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார். தன்னுடைய அட்டையைத்தான் பார்த்திருப்பார்.

பிறகு பெயர்ப் பெட்டி. தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று தலைவி கேட்டார். பலகையில் 'கோ' என்று எழுதினேன். கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால் கணினிக்கு அவை வேறு வேறு ஆட்கள். ஒரு விசைப்பலகையில் பதிந்தவரை இன்னொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்கமாட்டார்.

தலைவி எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். எனக்குக் கீழே சிங்களத்தில் அதே ஒலியை எழுதி, இடப்பக்கச் சுழியைத் தட்டிக் காட்டினார். 'எங்கள் கொம்புவவுக்கும் இதே வியாதிதான்' என்றார். நாங்கள் கொம்பு என்கிறோம், அவர்கள் கொம்புவ என்கிறார்கள். பத்து வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன், அந்தச் சொல் இரண்டு பக்கமும் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். 45 நிமிடம் என்று சொன்ன நேர்முகம் ஒன்றரை மணித்தியாலம் போனது. வெளியே வந்தபோது விருந்தினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து பஸ் தரிப்பிடம்வரை போய்த் திரும்பினேன். இந்தச் சுற்றுக்கு ஐந்துக்கு ஐந்து. வேலை கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிந்தாலும் மறுபடி போவேன்.

நான்காவது, முகாமையாளருடன் காணொளியில் அரை மணித்தியாலம். அவர் கமெராவைத் திறக்கவில்லை. சொல்ல வேறொன்றும் இல்லை.

ஐந்தாவது, மார்ச் 27, மனிதவளப் பிரிவு. கடைசி மூன்று மாதச் சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு தொகையை வாயால் சொன்னார்கள், அது நல்ல தொகை. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவுகள் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்கு என் 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும் எந்தத் தொகையில் கணக்கிடப்படும், ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 வீதம் எதில் என்று கேட்டேன். கடிதத்தில் வரும் என்றார்கள். இதைக் கட்டாயம் கேளுங்கள். கைக்கு வரும் தொகை ஒன்றாக இருந்தாலும், ஓய்வுபெறும்போது கிடைப்பது இந்தப் பிரிப்பைப் பொறுத்தது. பிறகு, எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தபடியே, 'திருமண யோசனை ஏதாவது?' என்றார் அந்த அம்மா. 'இது சிவப்பு நட்சத்திரம் போட்ட பெட்டியா?' என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் பயனில்லை.

'இன்னும் ஒரு வாரத்தில்' என்றார்கள். வாரம் போனது. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. தொலைபேசியில் பிடித்தபோது 'புத்தாண்டு முடியட்டும்' என்றார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குத் திருகோணமலைக்கு, வீட்டுக்குப் போனேன். வேலை மாறப்போகிறது என்று அம்மா இரண்டு பெரியம்மாமாருக்குச் சொல்லி முடித்திருந்தார். ஏப்ரல் 18, பெரிய வெள்ளி, நாடு முழுக்க விடுமுறை. இயந்திரத்துக்கு அதெல்லாம் கிடையாது. காலை 6.02க்கு மின்னஞ்சல் வந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆர்வத்துக்கு நன்றி கூறி, இம்முறை அவரைத் தெரிவு செய்ய முடியாமைக்கு வருந்தியிருந்தார்கள். காரணம் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம் இங்கேதான். ஐந்து சுற்றுக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன், சம்பளப் பட்டியலைக் கொடுத்தேன், தொகைவரை பேசினார்கள். பதவியை நிறுத்திவிட்டார்களா, வேறொருவர் கிடைத்தாரா, நான் கேட்ட கேள்விகள் பிடிக்கவில்லையா? ஒரு வரி போதும். குரங்குக்காக ஞாயிற்றுக்கிழமை பதில் எழுதிய அந்த மனிதரிடம் விட்டிருந்தால் எழுதியிருப்பார்.

அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். மின்னஞ்சலை என் கைபேசியில் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். 'எனக்கு வேலை இல்லையாம் பிள்ளை. விலாசம் பிழை என்று எழுதித் திருப்பி அனுப்பு' என்றார். முப்பத்திரண்டு வருடம் அந்த முத்திரையைக் குத்திய கை அது.

மே 23ஆம் திகதி மதியம், வேலையிடத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. அதே நிறுவனம், புதிய குரல். அப்பாவின் பெயரைச் சொல்லி, அவரோடு பேச முடியுமா என்று கேட்டார். சோதனைப் பிரிவில் ஒரு வெற்றிடம் இருக்கிறதாம், அவருடைய சுயவிபரக் கோவை மிகப் பொருத்தமாக இருக்கிறதாம். அவர் திருகோணமலையில் இருக்கிறார், வயது 67, இரவுச் செய்திக்கு முன்னால் அழைத்தால் பேசுவார் என்றேன். ஒரு கணம் அமைதி. பிறகு நான் யாரென்று விளக்கினேன், ஏற்கெனவே ஐந்து சுற்றும் முடித்தவள் என்றும் சொன்னேன். தங்கள் பட்டியலில் அது இல்லை என்றும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்லி இணைப்பை அனுப்பினார்.

நரைத்த தலைப் பெண்மணி அன்று பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படம் யாருக்காவது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இணைப்பைத் திறந்தேன். அடையாள அட்டைப் பெட்டிக்குப் போய், என் பழைய இலக்கத்தை, கடைசியில் வீ எழுத்தோடு, ஒவ்வொன்றாகத் தட்டினேன். 'செல்லுபடியற்ற இலக்கம்' என்றது, சிவப்பில். நடு மூன்று இலக்கத்துக்கு 400 போட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது.