கோட்டாறு பேக் தைக்கிற கடை: பனில டென்ட் போடப் போறவங்க ஒரு தடவ போய்ப் பாருங்க

நம்ம ஜில்லால இருந்து காஷ்மீர் குல்மார்க், உத்தரகண்ட் ஔலி பக்கம் ஸ்கீ டூரிங் (கால்ல சறுக்குப் பலகைய மாட்டிக்கிட்டே பனிமலை ஏறி எறங்குறது) போறவங்க, பனில டென்ட் அடிச்சு தங்கப் போறவங்களுக்காக இத எழுதுறேன். ஸ்கீ, பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக் எது வாங்கணும்னு யூடியூப்ல நெறைய பேரு சொல்லுதாங்க, வாங்குனதெல்லாம் எதுல போட்டு எப்படி கெட்டிக் கொண்டு போறதுன்னுதான் சரியா யாரும் சொல்றதில்ல. அதுக்கு நாகர்கோவில்லயே ஒரு நல்ல கடை இருக்கு, கோட்டாறு மார்க்கெட் பக்கம், பழைய பேக், தார்பாய், சீட் கவர் தைக்கிற சின்னக் கடை, ஒரு அண்ணாச்சியும் கூட ஒரு பையனும்தான்.

நான் ரொம்ப சந்தோஷப்பட்டது ஸ்னோ ஆங்கர் பைலதான், அதாவது முளைக்குப் பதிலா டென்ட் கயித்த பனில பிடிச்சு வைக்கிற பை. டென்ட்டோட வர்ற சாதா முளை புதுப்பனில நிக்காது, ஒரு காத்து அடிச்சா உருவிட்டு வந்துரும். அதனால ஒரு அடிக்கு ஒரு அடி துணில பனிய நெறச்சு, குழி தோண்டிப் புதைச்சு, மேல நல்லா மிதிச்சு, ஒரு கால் மணி நேரம் விட்டா பனி இறுகிரும், பொறவு கயித்த இழுத்துக் கெட்டலாம். இத அண்ணாச்சிகிட்ட சொன்னப்ப "மண்ணே இல்லாத இடத்துல முளை எப்படி மக்கா நிக்கும்"னு கேட்டாரு, நான் வெளக்குனதும் "அப்ப வள்ளத்துக்கு நங்கூரம் போடுத மாதிரிதான"ன்னு சொல்லிட்டு அவராவே ஒரு வேல பண்ணுனாரு. நான் நாலு மூலைலயும் வளையம் மட்டும்தான் கேட்டேன், அவரு துணிக்கு அடில மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டு நாடா வச்சு, அந்த நாடாவோட நுனியையே வளையமா மடிச்சு தச்சுட்டாரு. இழுப்பு முழுக்க நாடாவுல போவும், துணி கிழியாது. ஒண்ணு 60 ரூபா. குல்மார்க்குக்கு மேல இருக்க அப்பர்வத் மலைப் பக்கம் ராத்திரி பூரா காத்து அடிச்சும் ஒரு பை கூட அசையல கேட்டியளா. கயித்த வளையத்துல முடிச்சு போடாம, உள்ள விட்டு ரெண்டு நுனியையும் மேல கொண்டு வந்து கெட்டுங்க, காலைல பை உறைஞ்சு கெடந்தாலும் கயிறு உருவி வந்துரும், பைய மம்முட்டியால மெதுவா தோண்டி எடுத்துக்கலாம்.

அடுத்தது ஜிப்பு. குளுருல கையுறைய கழட்டாம எல்லாத்தையும் தொறக்க மூட முடியணும், அதுதான் முக்கியம். நான் என்னோட தடி கையுறைய கொண்டு போயிருந்தேன், அண்ணாச்சி அந்த வெக்கைல அத மாட்டிக்கிட்டு ஒவ்வொரு ஜிப்பையும் தொறந்து பாத்தாரு, ஜிப்ப இழுக்க முதல்ல போட்ட கயிறு சரியா பிடிபடலன்னு அவரே வெட்டிப் போட்டுட்டு, குளச்சல்ல வாங்குன தடிமனான வலைக் கயிறுல பெரிய வளையமா போட்டுக் குடுத்தாரு. ஜிப்பு பத்தாம் நம்பர் பிளாஸ்டிக் பல்லு கேளுங்க, சின்னப் பல்லுல பனி போனா நகராது. வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், பனி அப்புனா ஒட்டாது, பக்கிள் போதும்.

பெரிய பேக்குக்கு உள்ள வைக்கிற சின்னப் பைகள மெல்லிசு நைலான்ல தச்சு வாங்குனேன், மாத்து சாக்ஸ் ஒரு கலர், சாப்பாடு ஒரு கலர், ரிப்பேர் சாமான் ஒரு கலர், டென்ட்டுக்குள்ள இருட்டுல ஹெட்லைட் வெளிச்சத்துல தேடுறப்ப இதோட அருமை தெரியும். தையல் ஓட்டைல தண்ணி கசியத்தான் செய்யும், அண்ணாச்சி சீம் சீலிங் (தையல் ஓட்டைய அடைக்கிறது) பண்றதில்ல. ஆனா மைனஸ் பத்துல வெளிய விழுற பனி காஞ்ச பனி, தட்டுனா போயிரும். ஈரம் வர்றது உள்ள இருந்துதான், நம்ம மூச்சு டென்ட் சீலைல உறைஞ்சு விடியக்காலம் ஸ்லீப்பிங் பேக் மேல கொட்டும். அதனால ஸ்லீப்பிங் பேக்குக்கும் மாத்து துணிக்கும் மட்டும் ரோல் டாப் டிரை பேக் (வாய சுருட்டி மூடுற, தண்ணி போவாத பை) காசு குடுத்து வாங்குங்க, மத்ததுக்கு இந்தப் பை தாராளம்.

ஸ்கீ பேக் 1,400 ரூபா ஆச்சு. ரெக்சின் வேண்டாம்னு சொல்லிருங்க, குளுருல வெறச்சு வெடிச்சிரும், தடி நைலான்தான் நல்லது. நடுவுல வலை ஜன்னல் ஒண்ணு வைக்கச் சொன்னேன், ஏன்னா நம்ம ஊரு உப்புக்காத்துல ஸ்கீயோட ஸ்டீல் ஓரம் சீக்கிரம் துருப்பிடிக்கும், மூடி வச்சா இன்னும் மோசம். வீட்டுக்கு வந்ததும் துடைச்சு, ஓரத்தையும் சேத்து தடிமனா மெழுகு பூசித்தான் வைக்கணும். ஸ்லீப்பிங் பேக்குக்கும் ஒரு பெரிய காட்டன் பை தைச்சு வாங்கிக்குங்க, அமுக்கி வச்சா உள்ள அடைச்சிருக்க பறவைத் தூவி நசுங்கி செத்துரும், நமக்கு ஜூன்லயும் மழை ஐப்பசிலயும் மழை, காத்து போற பையில்லன்னா பூசணம் பிடிச்சிரும். கன்னியாகுமரில ஏறி கட்ரால இறங்குற ஹிம்சாகர் ரயில்ல மூணு ராத்திரி இந்த ஸ்கீ பேக் எத்தனையோ பேரு கால்ல மிதிபட்டுச்சு, ஒரு தையல் விடல.

குறை இல்லாம இல்ல. சொன்ன தேதிக்கு தர மாட்டாரு, போனும் எடுக்க மாட்டாரு, ஸ்கீ பேக்குக்காக ஒரு மாசம் நடந்தேன். ஒரு தோள் வார் ஒத்தத் தையல்ல வந்துச்சு, திருப்பிக் குடுத்ததும் காசு வாங்காம குறுக்குத்தையல் போட்டுக் குடுத்தாரு, ஆனாலும் கடைலயே ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பாத்து வாங்குங்க.

முதுகுல போடுற மெயின் பேக்க மட்டும் இங்க தைக்கக் குடுக்காதீங்க, இடுப்பு பெல்ட் சரியா உக்காரலன்னா முதுகு போயிரும், அத நல்ல கம்பெனில வாங்குங்க, அதுல மம்முட்டிக்கும் புரோபுக்கும் (பனிக்குள்ள குத்தி ஆளத் தேடுற நீளக் கம்பி) தனி அறை இருக்கணும். பனிச்சரிவுல ஒருத்தர் மாட்டுனா முதல் 10, 15 நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தாத்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம், அந்நேரம் துணிமணிக்கு அடில மம்முட்டிய தேட முடியாது. பீக்கன், அதாவது புதைஞ்ச ஆளு எங்கன்னு காட்டிக் குடுக்குற சிக்னல் கருவி, எந்தப் பைலயும் போவக்கூடாது, உடம்புலதான் கெட்டணும், போன் அதுக்கு 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கணும். கேஸ் சிலிண்டரையும் லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க, ரயில்லயும் விடமாட்டாங்க பிளைட்லயும் விடமாட்டாங்க, ஸ்ரீநகர்ல வாங்கிக்கலாம்.

ஜனவரி, பிப்ரவரில போறவங்க ஆவணிலயே ஆர்டர் குடுத்துருங்க, தீபாவளி நெருங்கிட்டா அவருக்கு கை ஒழியாது. ஞாயித்துக்கிழமை லீவு. போறப்ப கையுறையும் ஸ்கீயோட நீள அளவும் கண்டிப்பா கொண்டு போங்க.