சொரியாசிஸ் இருக்கிறது, மூட்டு வலிக்கிறது: எந்தச் சோதனைக்குப் போவது?

சொரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ளவர்களில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு மூட்டுவாதமும் வருகிறது. பெரும்பாலும் தோல் முந்திக்கொள்ளும். மூட்டு பல ஆண்டுகள் கழித்தே சேரும். வெளியே வீக்கம் தெரியாமல் உள்ளே அழற்சி நடக்கும் கட்டத்தில் எதற்குப் பணம் செலவழிப்பது?

இரத்தப் பரிசோதனையை நம்பி உட்கார முடியாது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு காரணி இந்த நோயில் பெரும்பாலும் நெகட்டிவ்தான். அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் பலருக்கு ஏறுவதில்லை. எல்லாம் நார்மல் என்ற தாள் கையில் இருக்கும், குதிகால் வலியும் இருக்கும்.

எக்ஸ்ரே மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது காட்டுவது எலும்பு அரிப்பையும் புதிதாக முளைத்த எலும்பையும், அதாவது நடந்து முடிந்த சேதத்தை.

அல்ட்ராசவுண்டின் பலம் வேறு. இந்த நோய் பல நேரம் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தைத்தான் பிடிக்கும். குதிகாலின் பின்புறம் கருவியை வைத்தால், நலமான தசைநாண் மெல்லிய இழைகளாகத் தெரியும். அழற்சி கண்டது தடித்து, இருண்டு, இழை கலைந்திருக்கும். பவர் டாப்ளர் என்ற வசதியை இயக்கினால் அங்கே பாயும் இரத்தம் செம்புள்ளிகளாக ஒளிரும். கருவியைச் சற்று அழுத்தினாலே அந்தப் புள்ளிகள் மறைந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர் ஜெல்லைத் தாராளமாகப் பூசி, தொட்டும் தொடாமலும் பார்ப்பார். கை, முழங்கால், குதிகால் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம், கதிர்வீச்சும் கிடையாது.

எலும்புக்குள் மட்டும் அதற்குப் பார்வை இல்லை. எலும்பு மஜ்ஜையின் நீர்க்கோப்பையும், இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டு, முதுகெலும்பு மூட்டுகள் ஆகியவற்றின் அழற்சியையும் காண எம்ஆர்ஐதான் வேண்டும். காலையில் முதுகு விறைத்து, நடமாடினால் தளர்கிறது என்பவர் அல்ட்ராசவுண்டில் காலம் கடத்த வேண்டாம்.

இன்னொரு சங்கடம்: உடல் எடை கூடியவர்களுக்கும் கடுமையாக உழைப்பவர்களுக்கும், ஏன், நலமானவர்களுக்கும்கூடத் தசைநாண் தடித்துத் தெரியலாம். தடிப்பை விட டாப்ளர் புள்ளிக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வலி மாத்திரை அதையும் மங்கச் செய்யக்கூடும் என்பதால், சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் காசில்லாத சோதனை ஒன்று உண்டு: பெஸ்ட் (PEST) என்ற வினாத்தாள். மூட்டு எப்போதாவது வீங்கியதா, மூட்டுவாதம் என்று மருத்துவர் சொன்னதுண்டா, நகத்தில் குழிகள் உண்டா, குதிகால் வலித்ததா, காரணமின்றி ஒரு விரல் முழுதும் வீங்கி வலித்ததா? ஐந்தில் மூன்றுக்கு ‘ஆம்’ என்றால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியே இல்லாதவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி ஸ்கேன் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தில் தெரியும் சிறு மாற்றத்துக்காக மட்டும் வீரியமான மருந்தைத் தொடங்க முடியாது. நகத்திலோ தலையிலோ சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதால், அவர்கள் சிறு வலியையும் அசட்டை செய்யக்கூடாது.

வயிற்று ஸ்கேன் மட்டுமே எடுத்துப் பழகிய மையத்தில் இந்த வேலை சரிப்படாது. மூட்டு ஸ்கேன் செய்து பழகியவரா, டாப்ளர் பார்ப்பாரா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.