டாய்லெட்டை நாலரை அடி தள்ளி வைத்துக் கொடுத்த அண்ணன்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்களுடையது பழைய தாமான் (குடியிருப்பு) வீடு. அம்மா 28 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. குளியலறையின் கடைக்கோடியில், இரண்டு படி ஏறிக் குந்தும் டாய்லெட். அம்மாவுக்கு இப்போது 71 வயது, முட்டி மடங்குவதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், விடிகாலையில் அந்தப் படியில் வழுக்கி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்தப் படி போக வேண்டும், உட்காரும் கோப்பை வேண்டும், அதுவும் கதவை ஒட்டி வேண்டும்.

முதலில் விசாரித்த கொன்ட்ராக்டர் வீட்டுப் பக்கமே வரவில்லை. போனிலேயே விலை சொல்லி, "எங்க வேணும்னாலும் வெச்சிரலாம்" என்றார். மனசு ஒப்பவில்லை. மார்க்கெட் பக்கம் இருக்கும் ஹார்ட்வேர் கடையில் கேட்டபோதுதான் இந்த அண்ணனைக் காட்டினார்கள். ஒரு கையாள் பையனை வைத்துக்கொண்டு தனியாக வேலை செய்கிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் போடவில்லை.

வந்தவர் குளியலறைக்குள் நுழையவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய், மேன்ஹோல் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, பைப் எந்த ஆழத்தில் வந்து விழுகிறது என்று டேப்பை விட்டு அளந்தார். அப்புறம்தான் உள்ளே வந்து, கதவுக்கும் பழைய டாய்லெட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்தார். 2.8 மீட்டர்.

"முடியாதும்மா" என்றார்.

காரணத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டே காட்டினார். டாய்லெட்டுக்குப் போகும் 4 இஞ்ச் பைப்புக்கு 40-க்கு 1 என்று வாட்டம் (சரிவு) வேண்டுமாம். அதாவது ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர். பழைய பைப்போடு சேர்கிற இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ, அவ்வளவுக்குப் பைப் மேலே ஏறும். 2.8 மீட்டருக்கு 7 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் பைப் ஏற்கெனவே தரையை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆக, தரையைத் தூக்கிப் படி கட்டினால்தான் அது மறையும். "படி வேணாம்னுதானே என்னைக் கூப்பிட்டீங்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். வாட்டத்தைக் குறைத்துப் படுக்க வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், மற்றது நின்றுவிடும், இரண்டு மாதத்தில் அடைப்புதான் என்றார்.

பெரிய வேலையாக எடுத்திருந்தால் அவருக்குத்தான் கூடுதல் காசு. அதை வேண்டாம் என்று சொன்ன இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சுவரின் நடுவில், பழைய இடத்திலிருந்து 1.4 மீட்டர் தள்ளி வைக்கலாம், பாதித் தூரம் என்பதால் பைப் மூன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும், படி வேண்டியதில்லை, கதவிலிருந்து அதுவரை கைப்பிடிக் கம்பி போட்டுத் தருகிறேன் என்றார். சரி என்றோம். எல்லாம் சேர்த்து 4,600 வெள்ளி (ரிங்கிட்), கோப்பை விலை தனி.

தரையை உடைத்த பிறகு பார்த்த வேலைதான் இன்னும் மனசில் நிற்கிறது. திரும்ப வேண்டிய இடத்தில் 90 டிகிரி முழங்கை போடாமல், 45 டிகிரியில் இரண்டாக வளைத்தார். பைப் மேல் ரசமட்டத்தை வைத்து, அடியில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டி ஏற்றினார். காற்றுக் குழாயையும் இழுத்துக் கூரைக்கு மேலே விட்டார். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது களக் களக்கென்று சத்தம் வரும், கோப்பை வளைவில் நாற்றத்தைத் தடுத்து நிற்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும் என்றார்.

சிமெண்ட் போட்டு மூடுவதற்கு முன்னால் அம்மாவிடம், துணிக்குப் போடுகிற நீலம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கரைத்து, பையனை மேன்ஹோல் பக்கம் நிறுத்திவிட்டு, புதுப் பைப்பில் ஒரே மூச்சாக ஊற்றினார். "வந்திருச்சு! வந்திருச்சு!" என்று பையன் கத்தினான். அதோடு விடவில்லை. இணைப்பு ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு இணைப்பில் துணி லேசாக நீலம் பூத்தது. அதை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டினார். அன்றைக்கு அரை நாள் அதிலேயே போனது.

தண்ணீர் கசியாமல் தரைக்கு இரண்டு கோட் பூசி, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டார். கோடு இறங்கவில்லை. கோப்பைக்கு அளவெடுத்ததும் வெறும் சுவரிலிருந்து இல்லை, டைல்ஸ் ஒட்டிய பிறகு வரும் முகத்திலிருந்து 10 இஞ்ச். இதில் தப்பினால் கோப்பை சுவரில் முட்டும், இல்லையென்றால் பின்னால் சந்து விடும். கோப்பையைச் சிமெண்டில் புதைக்காமல் போல்ட் போட்டு, ஓரத்தில் சிலிகோன் பூசினார். நாளைக்குக் கழற்ற வேண்டி வந்தால் உடைக்க வேண்டியதில்லை. இப்படிச் செய்யச் சொல்லி எல்லோருமே கேட்க வேண்டும் என்பேன்.

குறையும் உண்டு. ஐந்து நாள் என்றவர் ஒன்பது நாள் ஆக்கினார். அதுவரை அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக் கேட்டுப் போய்வர வேண்டியிருந்தது. அந்த வயதில் அது எவ்வளவு சங்கடம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். மழை ஒரு காரணம், நடுவே இன்னொரு வீட்டு வேலைக்குப் போனது இன்னொரு காரணம். ஜன்னலுக்குக் கீழே நாலு டைல்ஸ் நிறம் மாறி நிற்கிறது. ரசீதும் நான் கேட்ட பிறகுதான் எழுதினார்.

கைப்பிடிக் கம்பியை மட்டும் அளவு பார்க்காமல் போட்டார். டேப் எடுக்கவில்லை என்று சொல்கிறேன், யோசிக்கவில்லை என்று இல்லை. அம்மாவைக் கோப்பையில் உட்காரச் சொல்லி, "எழுந்திருங்கம்மா, கை எங்க போகுது பார்ப்போம்" என்றார். அம்மாவின் கை சுவரில் பட்ட இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். மூன்று தடவை எழுந்து உட்கார வைத்து, மூன்று புள்ளிக்கும் நடுவில் துளை போட்டார்.

நாலு மாதம் ஆகிறது. அடைப்பு இல்லை, வாடை இல்லை. அவரைக் கூப்பிடுகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் போன் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்தான் கிடக்கும்.