ஷின்செகாய் யோரி: பொறுமை இருந்தா மட்டும் உக்காருங்க, ஆனா உக்காருங்க

பேன்டஸி கதையில மந்திர சக்தின்னு வந்துட்டாலே யாரு பெரிய ஆளுன்னு அடிச்சுக்குறது தான் கதையா இருக்கும், இந்த ஜப்பான் அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், அந்த பக்கமே போகல. ஊர்ல இருக்க அத்தன பேருக்கும் மனசால மனுஷன கொல்ற சக்தி இருந்தா அந்த ஊரு ஒரு வாரமாவது தாங்குமாங்கிற ஒரே கேள்விய எடுத்துக்கிட்டு 25 எபிசோடும் அத விடாம நோண்டுது. யூசுகே கிஷி 2008ல எழுதின நாவல், ஏ-1 பிக்சர்ஸ்ங்கிற ஸ்டுடியோ தொடரா பண்ணாங்க, 2012 செப்டம்பர்ல இருந்து 2013 மார்ச் வரைக்கும் ஜப்பான் டிவில ஓடுச்சு. கதை முழுசா முடிஞ்சிடுது, அடுத்த சீசன் எப்போன்னு தேவுடு காக்குற தொல்லை இல்ல.

ஆயிரம் வருஷம் கழிச்சு, காமிசு 66னு ஒரு ஊரு. ஆறு, படகு, பள்ளிக்கூடம்னு பார்க்க அவ்ளோ அமைதி. அந்த அமைதிக்கு காரணம் அவங்க உடம்புக்குள்ளயே ஜீன மாத்தி வச்சிருக்க ஒரு பூட்டு. ஒருத்தன் இன்னொரு மனுஷன கொல்லப் போறான்னு வைங்க, 'இது என் இனம்'னு அவன் மூளைக்கு பட்ட உடனே அவன் சக்தி அவனுக்கே தெரியாம அவன் மேலயே திரும்பிடும். கிட்னியும் பாராதைராய்டு சுரப்பியும் வேலைய நிறுத்தும், மொதல்ல படபடப்பு, வேர்வை, காரணமே இல்லாத பயம், அதையும் மீறி கைய ஓங்கினா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நின்னு செத்துடுவான். சாபம், சத்தியம்னு மேலோட்டமா சொல்லிட்டு போகாம சுரப்பி வரைக்கும் இறங்கி யோசிச்சிருக்காங்க பாருங்க, அங்கயே நான் விழுந்துட்டேன்.

இந்த பூட்டு எதுக்கு வந்துச்சுங்கிறது நாலாவது எபிசோடு. காட்டுல பசங்க ஒரு விசித்திர ஜந்துவ பிடிப்பாங்க, பார்த்தா அது உசுரோட நடமாடுற பழைய லைப்ரரி, வாயத் தொறந்து ஊர் மறைச்சு வச்ச சரித்திரத்த ஒப்பிக்க ஆரம்பிச்சிடும். கிட்டத்தட்ட முழு எபிசோடும் லெக்சர் தான், நிறைய பேரு இங்கயே கழண்டுக்குவாங்க, எனக்கு என்னவோ மொத்த தொடர்லயே பிடிச்சது இது. மக்கள்ல 0.3 சதவீதம் பேருக்கு மட்டும் சக்தி வந்து, அதனால நாகரிகமே கவுந்து, நூற்றாண்டு கணக்குல சக்தி உள்ளவன் இல்லாதவன அடிமையா வச்சிருந்த கதை. அதுல ஒரு சக்கரவர்த்தி, அவன் முடிசூட்டு விழாவுல ஜனங்க மூணு நாள் ராப்பகலா கைதட்டுறாங்க, ஏன்னா மொதல்ல கைதட்டல நிறுத்துற நூறு பேர உயிரோட எரிக்கிறான். அந்த காட்சிய ரொம்ப நேரம் காட்டக்கூட மாட்டாங்க, ஆனா கைதட்டுற சத்தம் காதுலயே நிக்குது.

சரி பூட்டு போட்டாச்சு, பிரச்சனை தீர்ந்துச்சான்னா இல்ல. பூட்டு வேலை செய்யாத ஒரு குழந்தை பொறந்துட்டா என்ன ஆகும்? அது ஊரையே அழிக்கும், ஊர்ல ஒருத்தரால திருப்பி அடிக்க முடியாது, ஏன்னா அது மனுஷன், இவங்க பூட்டு நல்லா வேலை செய்யுது. அதனால பெரியவங்களுக்கு சொந்த புள்ளைங்கள பார்த்தாலே பயம். 17 வயசு வரைக்கும் குழந்தைக்கு மனுஷ உரிமையே கிடையாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்காங்க, சந்தேகம் வந்தா சத்தமில்லாம அப்புறப்படுத்திட்டு கூட இருந்தவங்க ஞாபகத்தையும் அழிச்சிடுவாங்க. வகுப்புல நேத்து வரைக்கும் இருந்த டெஸ்க் இன்னைக்கு இல்ல, யாரும் கேக்கல. பேய்ப்படத்துல கூட எனக்கு இப்படி வயித்த பிசையல.

குறை நிறைய இருக்கு, மறைக்கல. மொத மூணு எபிசோடு ஒண்ணுமே புரியாது, புரியாத மாதிரி தான் வேணும்னே வச்சிருக்காங்க, இருந்தாலும் எரிச்சல் வரும். 12 வயசு, 14, அப்புறம் டக்குனு 26னு தாவுது. அஞ்சாவது எபிசோடுல படம் வரையுற பாணியே மாறிடும், வேற தொடர மாத்தி போட்டுட்டோமோன்னு இருக்கும். கடைசி பகுதியில சுரங்கத்துக்குள்ள நடக்குறது தேவைக்கு மேல இழுவை. வீட்ல சின்ன பசங்க இருக்கும்போது போடாதீங்க, அது வேற. மியூசிக்குக்கு மட்டும் முழு மார்க், சாயங்காலம் பசங்கள வீட்டுக்கு கூப்பிட ஊர்ல ஒலிக்குற மெட்டு இசையமைப்பாளர் டிவோர்ஷாக்கோட ஒன்பதாவது சிம்பொனில இருந்து எடுத்தது, தொடரோட பேரும் அந்த சிம்பொனி பேரு தான், 'புதிய உலகத்துல இருந்து'ன்னு அர்த்தம்.

இனிமே ஸ்பாய்லர், முடிவ உடைச்சு சொல்லப் போறேன், பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கங்க.

ஊர்க்காரங்களுக்கு வேலைக்காரங்களா எலி மாதிரி ஒரு இனம் இருக்கும், தப்பு பண்ணா கூட்டத்தோட கொன்னுடுவாங்க, பூட்டு அசையவே அசையாது. அந்த எலிங்க யாருன்னா சக்தி இல்லாத மனுஷங்களோட வம்சம். சக்தி உள்ளவன் தனக்கு பூட்டு போட்டுக்கும்போது இவங்கள கொல்ல முடியாம போயிடுமேன்னு, நேக்கெட் மோல் ரேட்னு மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழுற முடியில்லாத எலியோட ஜீன கலந்து இவங்க உருவத்தையே மாத்திட்டான். தப்ப தடுக்க வச்ச பூட்டுக்கு எவ்ளோ சுலபமா கள்ளச்சாவி போட்டான் பாருங்க. எலிங்க தலைவன் ஸ்க்வீலர விசாரணைல நிறுத்தி நீ மிருகமா என்னன்னு கேக்க, 'நாங்க மனுஷங்க'ன்னு கத்துவான், கூட்டம் மொத்தமும் சிரிக்கும். அதுவரைக்கும் அவன வில்லனா திட்டிக்கிட்டு இருந்த என் தம்பி அந்த சிரிப்புல கப்சிப்.

அதுக்கப்புறம் நாயகி சாகி அவன சித்திரவதைல இருந்து விடுவிக்க கொன்னுடுவா. அவன் மனுஷன்னு தெரிஞ்ச பிறகும் அவளுக்கு பூட்டு ஏன் விழல? புத்திக்கு தெரிஞ்சாலும் மனசு ஒத்துக்கலன்னு நான் சொல்றேன், கொல்லணும்ங்கிற வெறி அதுல இல்ல அதான்னு தம்பி சொல்றான், அவன் சொல்றது தப்புன்னு தான் இன்னமும் நினைக்கிறேன்.