கரையை ஒட்டிய மனையா, கரைச்சாலை விட்ட மனையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒழுகினசேரியிலிருந்து சுசீந்திரம் வரை பழையாற்றின் ஓரத்தில் வீட்டுமனை தேடுகிறவர் இரண்டு வகை மனைகளுக்கு இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்றில் வீட்டின் பின்மதில் ஆற்றின் கரைமேலேயே நிற்கும். மற்றதில் மனைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு பொதுச்சாலையும், அதற்கு அப்பால் மரம் நிற்க ஒரு துண்டு நிலமும் விடப்பட்டிருக்கும். நான் இரண்டாவது வகையை வாங்கி வீடு கட்டியவன் என்பதால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காற்று, காட்சி, தனிமை ஆகிய மூன்றிலும் கரையை ஒட்டிய மனைக்கே வெற்றி. அதில் வாதாட எதுவும் இல்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: கரை உடைந்தால் அதைச் சரிசெய்ய வருகிற வண்டி எந்த வழியாக வரும்?

நம் மாவட்டத்து ஆறுகள் மலையிலிருந்து கடலுக்கு ஓடும் தூரம் குறைவு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் நமக்கு உண்டு என்பதால் கரைகளுக்கு ஆண்டில் இருமுறை சோதனைக் காலம் வருகிறது. 2021 நவம்பர் மழையில் ஆறும் சானலும் குளமும் பல இடங்களில் உடைந்து, வயலும் வீடும் ஒருசேர நீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய நேரத்தில் உடைப்பை அடைக்க மணல் மூட்டை ஏற்றிய டெம்போவும் ஜேசிபியும் கரைவரை வந்தாக வேண்டும். வெள்ளமில்லாத காலத்திலும் ஆகாயத்தாமரையை வாரவும், தூர் எடுக்கவும், எடுத்த மண்ணைக் கரைமேல் போட்டுப் பலப்படுத்தவும் அதே இடம் தேவைப்படுகிறது. வரிசையாக மதில்கள் எழுந்துவிட்ட கரையில் இயந்திரம் ஆற்றுக்குள் இறங்க வேண்டும், அல்லது யாராவது ஒருவர் தம் மதிலை இடிக்கச் சம்மதிக்க வேண்டும். முன்னது தண்ணீர் இருக்கும்போது நடக்காது; பின்னது எப்போது நடக்கும் என்பதை அண்டை வீட்டாரோடு எல்லைத் தகராறு கண்டவர்கள் அறிவார்கள். எனவே கரைச்சாலை என்பது நடைப்பயிற்சிக்கு விட்ட சலுகை அன்று. ஆற்றைப் பராமரிப்பதற்கான வழி அது, அதிலேயே மக்களும் நடந்துகொள்கிறார்கள்.

கரையை ஒட்டி வாங்கியவர் தம் செலவில் கான்கிரீட் பக்கச்சுவர் எழுப்பிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எழுப்பலாம், ஆனால் செங்குத்தான சுவரின் ஓரமாக நீர் வேகமெடுத்து ஓடுவதால் அதன் அடிமண் அரிக்கப்படும், சுவர் முடிகிற இடத்திலும் சில வேளைகளில் எதிர்க்கரையிலும் அந்த வேகத்தின் அடி விழும். நீரோட்டத்தில் மேலே இருக்கும் வீட்டுக்காரர் சுவர் கட்டினால் கீழே இருக்கும் வீட்டுக்காரரும் கட்டியாக வேண்டிய நிலை வரும், அந்தச் செலவு ஒருமுறையோடு முடிவதும் இல்லை. தாழையும் புன்னையும் வேர்விட்ட சரிவான மண்கரை, கொஞ்சம் அகலம் கொடுத்தால், இந்த வேலையை மலிவாகச் செய்கிறது. அந்த அகலத்தைத்தான் முதல் வகை மனை விற்றுவிடுகிறது.

அகலம் விடுவதால் மனைப்பிரிவு போடுபவருக்குப் பெரிய நட்டம் என்பதும் முழு உண்மையல்ல. பெரிய மனைப்பிரிவுகளில் சாலைப் பரப்பு நீங்கலாக 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விடவேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. எதற்கும் உதவாத மூலைப் பள்ளத்தில் பூங்கா என்று பலகை வைப்பதற்குப் பதிலாக அதையே ஆற்றோரமாக நீளவாக்கில் விட்டால், எப்படியும் போட வேண்டிய உட்சாலையில் ஒன்று கரைச்சாலையாகிவிடும்.

வீடுகள் ஆற்றை நோக்கி முகம் வைப்பதில் இன்னொரு நன்மையும் கண்டேன். பின்மதிலுக்கு அப்பால் ஆறு இருந்தால் சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அந்தப் பக்கம் திரும்புவது இயல்பாக நடந்துவிடுகிறது. வாசலில் ஆறு இருக்கும்போது அது கூச்சமான காரியம். இரவில் கோழிக்கழிவு மூட்டையோடு வருகிற வண்டியும் வாசல் விளக்குகளைக் கண்டால் தயங்கும்.

இதனால்தான், கரையில் வீடே வேண்டாம் என்ற மூன்றாவது நிலைப்பாட்டை நகரப் பகுதிக்கு நான் ஏற்கவில்லை. ஆளரவமற்ற கரை குப்பைமேடாகும் அபாயம் உண்டு. முகத்துவாரங்களின் கதை வேறு. பழையாறு கடலைச் சேரும் மணக்குடியிலும், குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி கடலைச் சேரும் தேங்காய்ப்பட்டணத்திலும் அலையேற்றம் உள்ளே வருவதால் கடலோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும், அங்கே விலகி நிற்பதே சரி. அந்த விதிகளை மீறியதற்காகக் கொச்சி மரடில் 2020 ஜனவரியில் அடுக்குமாடி வளாகங்கள் நான்கு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி தகர்க்கப்பட்டன.

பொதுமக்கள் ஆற்றுக்கு வருவது நம் ஊரில் புதுப் பழக்கம் அல்ல. ஆடி அமாவாசையன்று குழித்துறை ஆற்றங்கரையில் பலிதர்ப்பணம் செய்யக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், கரை ஏன் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் கரைச்சாலை இருப்பதால் அந்நியர்கள் வருகிறார்கள், மாலையில் பைக்குகள் வந்து நிற்கின்றன, சில நாள்களில் காலையில் காலி பாட்டில்கள் கிடக்கின்றன. அமைதி மட்டுமே வேண்டும் என்பவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் வீடு கட்டிய பிறகு 2021ஐப் போன்ற வெள்ளம் வரவில்லை. ஆகவே கரைச்சாலை பெருவெள்ளத்தில் எப்படி உதவும் என்பதை என் வாசலில் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. மறுவிற்பனையிலும் நான் விற்றுப் பார்த்தவன் அல்லேன். கரையை ஒட்டிய மனைக்குச் சென்ட் விலை கூடுதலாகக் கேட்கிறார்கள், ஆனால் வாங்க வருபவர் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும், அது யாருடைய நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் வைத்துப் பார்த்து, மதில் ஆற்றுப் புறம்போக்குக்குள் நிற்கிறது என்று கண்டால் அந்தக் கூடுதல் விலை நிலைக்காது. கரைச்சாலை மனையில் பார்க்க வேண்டிய பத்திரம் வேறு: சாலையும் திறந்தவெளியும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே நகல் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் பின்னாளில் அந்தச் சாலையையே மனையாக்கி விற்கத் துணிபவர்களும் உண்டு.