முதுகலைக்கு நெல்லையா, திருவனந்தபுரமா?

1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்குவதால், நாகர்கோவிலில் இளங்கலை முடித்தவர்களுக்கு அதன் தேர்வுமுறையும் சான்றிதழ் நடைமுறைகளும் ஏற்கெனவே பழக்கமானவை. வளாகம் நெல்லை அருகே அபிஷேகப்பட்டியில் இருந்தாலும் அதன் கடல் அறிவியல் மையம் நம் இராஜாக்கமங்கலத்தில் உள்ளது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய, திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் வயதில் மூத்தது. 1956 வரை நம் மாவட்டமும் அதே ஆட்சிப் பகுதியில்தான் இருந்தது. தமிழக இடஒதுக்கீட்டுப் பட்டியல் அங்குச் செல்லாது என்பது ஏழை மாணவர்க்குப் பெரிய இழப்பு. ஆகவே பெரும்பாலோர்க்கு நெல்லையையே பரிந்துரைப்பேன். தமிழ்–மலையாள ஒப்பாய்விலும் பழஞ்சுவடிகளிலும் நாட்டமுள்ளவர்கள் மட்டும், தமிழ்த்துறையும் ஓலைச்சுவடிகள் நிறைந்த கீழ்த்திசை நூலகமும் அமைந்துள்ள, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்திற்குத் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.